தோளில் பாதி டாக்டர் கையில், பாதி நம் கையில்



இந்த முறை தோள்பட்டையைப் பற்றி எழுதுகிறேன். கெலுகோரில் மகன் வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி ஒருவரின் குடும்பத்தார் கேட்ட கேள்விதான் காரணம். "அம்மா குளியலறையில வழுக்கி விழுந்துட்டாங்க. தோள் எலும்பு நாலு துண்டாப் போச்சாம். பாதித் தோளை எடுத்துட்டு இரும்பு வைக்கணும்னு பெரிய ஆஸ்பத்திரியில சொல்றாங்க. சம்மதிக்கலாமா? வச்சா கை பழையபடி வருமா?" என்று கேட்டார்கள்.

சம்மதிக்கலாமா என்பதற்கு எக்ஸ்ரே படத்தைப் பார்த்த எலும்பு டாக்டர்தான் பதில் சொல்ல வேண்டும். கை வருமா என்ற கேள்விக்கு டாக்டர் பாதிப் பதில்தான் சொல்ல முடியும். மீதிப் பாதி நோயாளியிடமும் குடும்பத்திடமும் இருக்கிறது. வேலையில் இருப்பவராயின் தோட்ட நிர்வாகத்திடமும் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்த அன்றோடு வைத்தியம் முடிந்துவிட்டதாக நம் மக்கள் நினைக்கிறார்கள். நிர்வாகமும் அப்படித்தான் நினைக்கிறது, அதற்கு அது வசதியாகவும் இருக்கிறது. இந்த நினைப்பு மாறாத வரையில் எத்தனை நல்ல டாக்டர் ஆபரேஷன் செய்தாலும் நம் ஆட்களின் கை நெஞ்சுக்கு மேலே தூக்காது என்பது என் அபிப்பிராயம். ஏன் என்று விவரமாகச் சொல்கிறேன்.

கெலுகோரில் இன்று தோட்டம் ஏது என்று சிலர் கேட்கலாம். அந்த ஊரே ஒரு காலத்தில் தோட்டம்தான். 1800ல் பினாங்குக்கு வந்த டேவிட் பிரவுன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் அங்கே ஜாதிக்காய் முதலான வாசனைப் பயிர்களைப் போட்டுப் பெரிய நிலக்காரர் ஆனார். பாடாங் பிரவுன் திடலுக்குப் பெயர் கொடுத்தவர் அவரே. இப்போது அங்கே அறிவியல் பல்கலைக்கழகமும், 1985ல் திறந்த பாலமும், வரிசை வரிசையாக மாடி வீடுகளும் இருக்கின்றன. தோட்டத் துண்டாடலிலும் பிறகு ஆட்குறைப்பிலும் வெளியேறிய நம் குடும்பங்கள் பல அந்த மாடி வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. முப்பது வருஷம் ஈரக் காட்டில் விடியற்காலையில் நடந்து பழகி, ஒரு நாளும் வழுக்கி விழாத தாய்மார்கள், வழவழப்பான பீங்கான் தரையில் விழுகிறார்கள். லயத்துக் குளியலறையில் தரை சொரசொர சிமெண்டு. அழகில்லை, ஆனால் ஆளைத் தள்ளிவிடாது. குளியலறையில் ஒரு ரப்பர் விரிப்பும் சுவரில் ஒரு கைப்பிடியும் போடுங்கள். சில பத்து வெள்ளிச் செலவில் ஒரு பெரிய ஆபரேஷனைத் தவிர்க்கலாம்.

சரி, தோளுக்கு வருவோம். இடுப்பு மூட்டு கிண்ணத்துக்குள் உட்கார்ந்த பந்து மாதிரி. லேசில் நகராது. தோள் மூட்டோ ஆப்பையில் வைத்த எலுமிச்சம்பழம். பந்தில் மூன்றில் ஒரு பாகம்கூடக் குழியோடு பொருந்துவதில்லை. அதனால்தான் கையை முன்னே, பின்னே, மேலே, வட்டமாக எப்படி வேண்டுமானாலும் சுழற்ற முடிகிறது. பழம் ஆப்பையிலிருந்து உருண்டு விழாமல் பிடித்து வைத்திருப்பவை நாலு சிறு தசைகள். அவை பந்துக்குப் பக்கத்தில் உள்ள இரண்டு எலும்புப் புடைப்புகளில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கை தூக்குவது பந்தால் மட்டுமல்ல, இந்த நாலு தசைகளும் இரண்டு புடைப்புகளும் சேர்ந்து இழுப்பதால்தான். இந்தப் புடைப்புகளை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரையின் பாதி வழக்கு இவற்றைப் பற்றியதுதான்.

கையை ஊன்றி விழும்போது மேற்கை எலும்பின் தலைப்பாகம் உடைகிறது. பந்து ஒரு துண்டு, புடைப்புகள் இரண்டு துண்டு, கீழே உள்ள தண்டு ஒரு துண்டு. "நாலு துண்டு" என்று டாக்டர் சொன்னது இதைத்தான். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு உளுத்துப்போயிருப்பதால், நின்ற இடத்திலிருந்து விழுந்தாலே இப்படி உடையும். இளவயதினருக்கு இவ்வளவு உடைய வேண்டுமானால் மோட்டார் சைக்கிள் விபத்து போன்ற பெரிய அடி வேண்டும். நாலு துண்டாகிவிட்டால் பந்துக்குப் போகும் ரத்தக் குழாய்களும் அறுந்துபோகலாம். ரத்தம் போகாத எலும்பு நாளடைவில் செத்து, நொறுங்கி, தீராத வலியாகும்.

அடி பட்டால்தான் பந்து சாகும் என்றில்லை. வருஷக்கணக்கில் சம்சு குடிப்பவருக்கும் சாகலாம். ஸ்டீராய்டு மருந்தை அளவில்லாமல் சாப்பிடுபவருக்கும் சாகலாம். "நான் எங்கே ஸ்டீராய்டு சாப்பிடுறேன்?" என்பீர்கள். தெருவில் விற்கும் மூட்டுவலி மாத்திரை, பேர் தெரியாத ஜாமு, "ரெண்டு நாளில வலி பறந்துடும்" என்று யாரோ கொண்டுவந்து தரும் கறுப்பு உருண்டை ஆகியவற்றில் டெக்ஸாமெத்தாசோன் என்ற ஸ்டீராய்டைக் கலந்திருப்பதைச் சுகாதார அமைச்சு பலமுறை கண்டுபிடித்திருக்கிறது. வலி பறப்பது உண்மை, ஆனால் எலும்பும் சேர்ந்து போகிறது. டப்பாவில் "எம்.ஏ.எல்." என்று தொடங்கும் பதிவு எண்ணும் பளபளக்கும் ஒட்டுத்தாளும் இல்லையென்றால் வாங்காதீர்கள். ஏற்கனவே பல மாதம் சாப்பிட்டு வந்தவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது, அதுவும் ஆபத்து. மாத்திரையைக் கையோடு எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

விழுந்ததும் என்ன செய்வது? இங்கேதான் நம்மவர்கள் பெரிய தப்பு செய்கிறார்கள். "சுளுக்குதான்" என்று தைலம் போட்டு உருவுகிறார்கள். அப்புறம் சீன சின்செயிடம் போய்ப் பச்சிலைக் கட்டு. மூன்று வாரம் கழித்துக் கை தோளோடு ஒட்டிக்கொண்டது மாதிரி ஆன பிறகு என்னிடம் வருகிறார்கள். நாட்டு வைத்தியத்தை நான் பழிக்கவில்லை. எத்தனையோ சுளுக்கு உருவினால் சரியாகியிருக்கிறது. ஆனால் உடைந்ததா சுளுக்கா என்று எக்ஸ்ரே எடுக்காமல் எந்தக் கையும் தடவிச் சொல்ல முடியாது. உடைந்த தோளை உருவினால் கூர்மையான துண்டு நரம்பையும் ரத்தக் குழாயையும் கிழிக்கலாம். கை தூக்கவே முடியவில்லை, தோள் வீங்கியிருக்கிறது, ஓரிரு நாளில் நீலமும் கறுப்புமாக முழங்கை வரையிலும் நெஞ்சு வரையிலும் இறங்குகிறது என்றால் அது உடைப்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். தோளின் வெளிப்பக்கம் மரத்துப்போயிருந்தாலோ, விரல்கள் குளிர்ந்து வெளுத்திருந்தாலோ ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. கையை மடக்கி, சேலைத் துண்டாலோ லுங்கியாலோ கழுத்தில் தொட்டில் கட்டி, உடம்போடு சேர்த்து அணைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். ஆபரேஷன் தேவைப்படுகிறவருக்கு முதல் இரண்டு வாரம்தான் நல்ல காலம். அதற்குப் பிறகு துண்டுகள் கண்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும், தசை சுருங்கிவிடும்.

எல்லாருக்கும் ஆபரேஷன் வேண்டும் என்று யாரும் பயப்பட வேண்டாம். தோள் உடைந்தவர்களில் பெரும்பாலோருக்குத் தொட்டில் கட்டும் பயிற்சியும் போதும். இங்கிலாந்தில் அமர் ரங்கன் என்ற எலும்பு டாக்டரின் தலைமையில் 250 பேரை வைத்து ஒரு சோதனை செய்து 2015ல் வெளியிட்டார்கள். துண்டுகள் விலகியவர்களில் பாதிப் பேருக்கு ஆபரேஷன், பாதிப் பேருக்குத் தொட்டில். இரண்டு வருஷம் கழித்துப் பார்த்தால் இரு கூட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆகவே டாக்டர் "ஆபரேஷன் வேண்டாம், தொட்டில் போதும்" என்று சொன்னால், "ஏழை என்று கவனிக்காமல் விட்டுவிட்டார்கள்" என்று சண்டைக்குப் போகாதீர்கள். நம் ஆட்கள் சிலர் அப்படிப் போவதைப் பார்த்திருக்கிறேன். பந்து பிளந்துபோனவர்களுக்கும், பந்து குழியைவிட்டு வெளியே போய்விட்டவர்களுக்கும், துண்டுகள் சேர்த்துத் திருகாணி போட முடியாத அளவுக்கு நொறுங்கியவர்களுக்கும்தான் மாற்று மூட்டைப் பற்றிப் பேச்சு வரும்.

இனி அந்தப் "பாதி" என்றால் என்ன? தோள் மூட்டில் பந்து ஒன்று, குழி ஒன்று. பந்தை மட்டும் எடுத்துவிட்டு உலோகப் பந்து வைத்து, குழியைத் தொடாமல் விட்டால் அது பாதி மாற்று. குழியிலும் பிளாஸ்டிக் வைத்தால் முழு மாற்று. உலோகப் பந்துக்குக் கீழே ஒரு நீளக் காம்பு இருக்கும். அதை மேற்கை எலும்பின் உள்குழாயில் இறக்கி, பெரும்பாலும் எலும்பு சிமெண்டு போட்டு உறைய வைப்பார்கள். பிறகு நான் ஞாபகம் வைக்கச் சொன்ன அந்த இரண்டு புடைப்புகளையும் தசையோடு இழுத்து வந்து, உலோகத்தைச் சுற்றிப் பலமான நூலால் தைப்பார்கள். "இரும்பு" என்று நாம் சொல்வது இரும்பு அல்ல, கோபால்ட்டும் குரோமியமும் சேர்ந்த துருப்பிடிக்காத கலப்பு உலோகம் அல்லது டைட்டானியம். மழையில் நனைந்தால் துருப்பிடிக்குமா என்று ஒருவர் கேட்டார், பிடிக்காது.

இந்த வைத்தியம் நேற்று வந்ததல்ல. 1893ல் பாரிஸ் நகரில் ஜூல் பேயான் என்ற டாக்டர், தோளில் காசநோய் பற்றிய ஒருவருக்குப் பிளாட்டினமும் கெட்டி ரப்பரும் கொண்டு செய்த மூட்டை வைத்தார். செய்து கொடுத்தவர் ஒரு பல் டாக்டர். நோயாளி யார் தெரியுமா? ரொட்டி சுடும் தொழிலாளி. கையை வெட்டிவிடலாம் என்றபோது அவர் சம்மதிக்கவில்லை. கை போனால் ரொட்டி ஏது, சோறு ஏது? இரண்டு வருஷம் அந்த மூட்டு இருந்தது, பிறகு சீழ் வைத்ததால் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் உலகத்தில் முதல் மாற்றுத் தோள் ஒரு கூலித் தொழிலாளியின் உடம்பில்தான் இருந்தது என்பதை நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அதன்பின் 1950களில் நியூயார்க்கில் சார்லஸ் நீர் என்பவர் (பெயரே அப்படித்தான்) உடைந்த தோளுக்கு உலோகப் பந்து வைக்கும் முறையைச் சீராக்கி 1955ல் எழுதினார். "நாலு துண்டு" என்ற கணக்கும் அவர் 1970ல் வகுத்ததே. அவர் கத்தியோடு நிறுத்தவில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு எந்த வாரத்தில் எந்தப் பயிற்சி என்று வகுத்துக் கொடுத்து, அதையும் வைத்தியத்தின் ஒரு பாகமாகவே வைத்தார். எலும்பில் கட்டி வந்தவர்களுக்கும் இதன் உறவு முறையான ஒரு வைத்தியம் உண்டு. சென்னையில் டாக்டர் மயில்வாகனன் நடராஜன் கட்டி வந்த எலும்பை எடுத்துவிட்டு, கையையோ காலையோ வெட்டாமல், ஆளுக்கு அளவெடுத்துச் செய்த உலோக எலும்பைப் பொருத்தும் முறையில் பேர் பெற்றவர். 2007ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 1985ல் பிரான்சில் போல் கிராமோன் என்பவர் மூட்டையே தலைகீழாக்கினார். குழி இருந்த இடத்தில் பந்து, பந்து இருந்த இடத்தில் குழி. நாலு சிறு தசைகளும் கிழிந்து போனவருக்கும்கூடத் தோளின் பெரிய தசையைக் கொண்டே கை தூக்க இது உதவும். இப்போது வயதானவர்களுக்குப் பாதி மாற்றைவிட இதையே பல டாக்டர்கள் விரும்புகிறார்கள், புடைப்பு சரியாக ஒட்டாவிட்டாலும் கை ஓரளவு தூக்கும் என்பதால். ஆகவே உங்கள் டாக்டரிடம், "எனக்குப் பாதி மாற்றா, தலைகீழ் மாற்றா? ஏன்?" என்று தைரியமாகக் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல. நம்மவர்கள் வெள்ளைக் கோட்டைக் கண்டால் துரையைக் கண்டது மாதிரி கையைக் கட்டிக்கொண்டு "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு, வாசலுக்கு வந்து என்னிடம், "என்ன சொன்னாரு?" என்று கேட்கிறார்கள்.

இப்போது அந்த மீதிப் பாதிக்கு வருகிறேன்.

நூலால் தைத்த புடைப்புகள் உலோகத்தைச் சுற்றி எலும்போடு எலும்பாக ஒட்ட ஏறக்குறைய ஆறு வாரம் வேண்டும். அந்த ஆறு வாரமும் அந்தக் கையால் சொந்த பலத்தில் ஒன்றையும் தூக்கக் கூடாது. ஒரு பானைத் தண்ணீர் வேண்டாம், ஒரு தேநீர்க் குவளைகூட வேண்டாம். பேரப்பிள்ளை ஓடி வந்து "தூக்கு பாட்டி" என்றாலும் கூடாது. அதற்காகச் சும்மா கட்டிலில் படுத்திருக்கவும் கூடாது. முதல் நாட்களிலேயே விரல், மணிக்கட்டு, முழங்கை மூன்றையும் மடக்கி நீட்ட வேண்டும். டாக்டர் அனுமதித்ததும், குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு, கிணற்றுக் கயிற்றில் வாளி ஆடுவது மாதிரி மெதுவாக ஆட்ட வேண்டும். பிறகு இன்னொருவர் கையைத் தாங்கி உயர்த்த வேண்டும், நோயாளி தசையை இறுக்கக் கூடாது. ஆறு வாரம் கழித்து எக்ஸ்ரேயில் ஒட்டியிருப்பது தெரிந்த பிறகுதான் சொந்த பலத்தில் தூக்கும் பயிற்சி. மூன்று மாதத்துக்குப் பிறகு பலம் கூட்டும் பயிற்சி. முன்னேற்றம் ஒரு வருஷம் வரை வந்துகொண்டே இருக்கும்.

இந்தப் பாதையில் இரண்டு பக்கமும் பள்ளம். ஆறு வாரத்துக்குள் அவசரப்பட்டால் தையல் பிய்ந்து புடைப்பு விலகிவிடும். வலிக்கிறதே என்று பயந்து அசைக்காமல் இருந்தால் மூட்டு இறுகிவிடும். இரண்டிலும் உலோகம் எக்ஸ்ரேயில் அழகாகத்தான் தெரியும். கை மட்டும் தூக்காது.

நான் முதலில் சொன்ன கெலுகோர் அம்மாவுக்குப் பாதி மாற்றுச் செய்தார்கள். பேத்தி இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். பயிற்சியாளர் எழுதிக் கொடுத்த தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிட்டாள். சுவரில் விரல்களைச் சிலந்தி மாதிரி ஏற்றும் பயிற்சி வந்ததும், எட்டிய இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி. பிள்ளைகள் வளர்த்தி பார்க்கச் சுவரில் கோடு போடுவோமே, அது மாதிரி. சில வாரம் கோடு ஒரு விரற்கடைகூட ஏறாது, அம்மா அழுதுவிடுவார். பேத்தி விடமாட்டாள். இப்போது கை தோள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே போகிறது. கொண்டை போடப் பேத்திதான் வேண்டும். ஆனால் சாமி மாடத்தில் விளக்கு ஏற்றுகிறார், சோறு பிசைந்து சாப்பிடுகிறார், இரவில் வலியில்லாமல் தூங்குகிறார். பாதி மாற்றில் எதிர்பார்க்கக்கூடியது பெரும்பாலும் இதுதான். வலி நன்றாகக் குறையும், கை தோள் உயரம் வரும், சிலருக்கு அதற்கு மேலும் வரும். அண்ணாந்து குலை இறக்கும் பழைய வேலைக்கு மறுபடி போக முடியும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இன்னொருவர் கதை வேறு. ஒரு தோட்டத்தில் (பேர் வேண்டாம்) குலை வெட்டும் தொழிலாளி, நாற்பதைத் தாண்டியவர். பெரட்டுக்குப் போகும் வழியில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்தார். பாதி மாற்று நன்றாகவே நடந்தது. ஆனால் விபத்தை அறிவிக்க வேண்டியவர்கள் அறிவிக்கவில்லை. "சொந்த வண்டியில் சொந்தமாக விழுந்தது" என்று விட்டுவிட்டார்கள். சம்பளத்தோடு கூடிய மருத்துவ விடுப்பு தீர்ந்துபோயிற்று. வீட்டில் மூன்று பிள்ளைகள், மளிகைக் கடையில் கடன். ஐந்தாவது வாரம் மண்டோர் வந்து, "வண்டி தள்ளுறதுக்கு ஒரு கை போதாதா? வராட்டி வேற ஆள் போட்டுடுவாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். மனுஷன் போய்க் குலை ஏற்றிய தள்ளுவண்டியைப் பிடித்தார். மூன்றாம் நாள் தோளில் ஏதோ பிய்ந்த மாதிரி வலி. புடைப்பு விலகிவிட்டது. இன்றைக்கு அவர் கை நெஞ்சு உயரத்துக்கு மேலே எழும்பாது, சட்டை போட மனைவி வேண்டும். இதை டாக்டரின் தப்பு என்று சொல்ல முடியுமா? அவருடைய தப்பு என்றுதான் சொல்ல முடியுமா? ஆறு வாரம் வீட்டில் இருக்க வசதியில்லாத மனுஷனுக்கு ஆறு வார வைத்தியம் எழுதிக் கொடுத்தால் எப்படி நடக்கும்?

சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, இரண்டு வருஷத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு வருஷத்தில் 14 நாள், ஐந்து வருஷத்துக்குக் குறைவானவருக்கு 18 நாள், அதற்கு மேற்பட்டவருக்கு 22 நாள் சம்பளத்தோடு நோய் விடுப்பு. ஆஸ்பத்திரியில் தங்க நேர்ந்தால் 60 நாள். ஆறு வாரம் என்றால் 42 நாள். தோளுக்கு வேண்டியதோ மாதக்கணக்கு. ஆனால் வேலையில் நடந்த விபத்தானால் வழி உண்டு. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வழக்கமான பாதையில் நடந்த விபத்தும் இதில் அடங்கும். சொக்சோவின் வேலை விபத்துத் திட்டப்படி, டாக்டர் நாலு நாளுக்குக் குறையாமல் எம்.சி. கொடுத்தால், எம்.சி. உள்ள நாட்களுக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு தற்காலிக ஊன உதவித் தொகையாகக் கிடைக்கும். விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். அறிவித்தார்களா என்று நோயாளி கட்டிலில் படுத்துக்கொண்டு விசாரிக்க முடியாது. மனைவியோ மகனோ அன்றைக்கே கிளைச் செயலாளரிடம் போய்ச் சொல்லுங்கள். விழுந்த இடம், நேரம், பார்த்தவர் பெயர் மூன்றையும் ஒரு தாளில் எழுதுங்கள், போலீஸ் புகாரும் செய்யுங்கள். 2019 ஜனவரியிலிருந்து நம்மோடு வேலை செய்யும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கும் வேலை விபத்தில் இந்தப் பாதுகாப்பு உண்டு. மொழி தெரியாமல் அவர்கள் விட்டுவிடாமல் நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மூட்டு மாற்று, பயிற்சி, வேலைக்குத் திரும்பும் ஏற்பாடு ஆகியவற்றுக்கும் சொக்சோ உதவுகிறது. மலாக்காவில் 2014ல் திறந்த மறுவாழ்வு நிலையம் அவர்களுடையதே. அங்கே தங்கிப் பயிற்சி பெறலாம். வீட்டில் விழுந்தவர்களுக்கு இது எப்போதும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் 55 வயதுக்குக் குறைந்த இல்லத்தரசிகளுக்கு 2022 டிசம்பர் முதல் தேதியிலிருந்து தனித் திட்டம் இருக்கிறது. வருஷத்துக்கு 120 வெள்ளி கட்டினால் வீட்டு வேலையில் நடக்கும் விபத்துக்கும் பாதுகாப்பு. மாதத்துக்கு 10 வெள்ளிதான் ஆகிறது. தோழர்களே, ஒரு வாரத்துச் சிகரெட்டுக் காசு!

அரசாங்க ஆஸ்பத்திரியில் படுக்கைக்கும் டாக்டருக்கும் நாம் கொடுப்பது சொற்பம். உலோக மூட்டுக்குத்தான் பல நேரம் தனியாகப் பணம் கேட்பார்கள். கேட்டவுடன் வட்டிக்காரரிடம் ஓடாதீர்கள், தாலிச் சங்கிலியைக் கழற்றாதீர்கள். ஆஸ்பத்திரியிலேயே சமூகநல அதிகாரி இருக்கிறார், அவரைப் பார்க்க வேண்டும் என்று வார்டு மிஸ்ஸியிடம் சொல்லுங்கள். சுகாதார அமைச்சின் மருத்துவ உதவி நிதிக்கு அவர்தான் மனு எழுதுவார். அரசாங்க உதவித் தொகை பெறும் குடும்பங்களில் 40 வயதைத் தாண்டியவர்களுக்கு "பெக்கா பி40" திட்டத்தில் மருத்துவக் கருவி வாங்க வாழ்நாளில் 20,000 வெள்ளி வரை உதவி இருக்கிறது. உங்களுக்குப் பொருத்தப்போகும் மூட்டுக்கு அது செல்லுமா என்று அதே அதிகாரியிடம் கேளுங்கள்.

நீரிழிவு உள்ளவர்கள் ஆபரேஷனுக்கு முன்பே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். இல்லையென்றால் அந்த ரொட்டித் தொழிலாளிக்கு வந்த கதி வரும். இன்றைக்கு நல்ல மருந்துகள் இருந்தும், உலோகத்தில் கிருமி ஏறிவிட்டால் அதை எடுத்துவிட்டு மறுபடி ஆபரேஷன் செய்ய நேரிடலாம். தையல் காயம் சிவந்தாலோ, நீர் கசிந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ மஞ்சள் அரைத்துப் பூசாமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

பயிற்சிக்காக நிபோங் திபாலிலிருந்தோ சுங்கை பாக்காப்பிலிருந்தோ ஒவ்வொரு முறையும் பாலம் தாண்டித் தீவுக்குப் போக வேண்டும் என்பது இல்லை. பக்கத்து மாவட்ட ஆஸ்பத்திரியிலும் சில சுகாதாரக் கிளினிக்குகளிலும் பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். "என் ஊருக்குக் கிட்ட மாற்றிக் கடிதம் கொடுங்கள்" என்று டாக்டரிடம் கேட்டால் கொடுப்பார். கேட்காமல் இருந்துவிட்டு, பஸ் செலவு தாங்காமல் மூன்றாவது தடவையோடு நிறுத்திவிடுகிறார்கள். என் கிளினிக்குக்கு வருபவர்களில் பயிற்சியைப் பாதியில் விட்டவர்கள் சொல்லும் காரணம் வலியைவிட வண்டிச் செலவும் ஒரு நாள் சம்பளம் போவதும்தான்.

ஆகவே சங்கத்துக்கு என் கோரிக்கை இது. மாப்பாவோடு அடுத்த ஒப்பந்தம் பேசும்போது, மூட்டு ஆபரேஷன் செய்துகொண்ட தொழிலாளிக்கு டாக்டர் கடிதத்தின் பேரில் குறைந்தது ஆறு மாதம் இலகு வேலை கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி கேட்க வேண்டும். நாற்று மேடையிலும், வாசல் காவலிலும், குலைக் கணக்கு எடுப்பதிலும் ஒரு கையால் செய்யக்கூடிய வேலை எந்தத் தோட்டத்திலும் உண்டு. பயிற்சிக்குப் போகும் நாளை வேலை நாளாகக் கணக்கிட வேண்டும் என்பதையும் சேர்க்க வேண்டும். "இதெல்லாம் எந்தக் கம்பெனி ஒத்துக்கும்?" என்று சில தலைவர்கள் சிரிக்கலாம். பிரசவ விடுப்பு கேட்டபோதும் இப்படித்தான் சிரித்திருப்பார்கள். ஆறு மாதம் இலகு வேலை கொடுத்தால் நிர்வாகத்துக்குத் தொழில் தெரிந்த ஆள் ஒருவர் மிஞ்சுகிறார். ஐந்தாவது வாரம் வண்டி தள்ள வைத்தால் அந்த ஆளும் இல்லை, அவர் குடும்பத்துக்கு வருமானமும் இல்லை.

வரும் கிளைக் கூட்டத்தில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவரலாம் என்று இருக்கிறேன். தோள், இடுப்பு, முழங்கால் ஆபரேஷன் செய்துகொண்ட தோழர்களும் தாய்மார்களும் எம்.சி. நகல், ஆஸ்பத்திரிக் கடிதம், சம்பளச் சீட்டு மூன்றையும் எடுத்துக்கொண்டு கூட்டத்துக்கு அரை மணி நேரம் முன்னதாக வாருங்கள். எத்தனை நாள் விடுப்பு கிடைத்தது, எத்தனையாவது வாரம் வேலைக்கு அழைத்தார்கள், பயிற்சிக்கு எத்தனை தடவை போக முடிந்தது என்று கேட்டு எழுதிக்கொள்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பிள்ளைகளை அழைத்து வாருங்கள்.